மர வேலை சிஎன்சிக்கு குறைஞ்ச விலையில கம்ப்யூட்டர்: எது வாங்கலாம்?

கன்னங்குறிச்சி தச்சன் (செவ்வாய், இரவு 9.40)

எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் கதவு, நிலை, பூஜை ரூம் வேலை பண்றவன். சின்னப் பட்டறை. போன மாசம் ஒருத்தர் தொழிலை விட்டுட்டுப் போறாருன்னு நாலுக்கு ரெண்டு அடி சிஎன்சி ரவுட்டர் (கம்ப்யூட்டர் சொல்றபடி மரத்தைச் செதுக்கற மிஷின்) ஒண்ணை செகண்ட் ஹேண்டுல வாங்கினேன். மூணு ஆக்ஸிஸ், நெமா 23 ஸ்டெப்பர் மோட்டார், 1605 பால் ஸ்க்ரூ, 2.2 கிலோவாட் ஸ்பிண்டில் (வெட்டற பிட்டைச் சுத்தற மோட்டார்). கண்ட்ரோல் பாக்ஸைத் திறந்தா மோட்டாரை ஓட்டற டிரைவர் மூணு, கம்ப்யூட்டர் ஒயரைப் பிரிச்சுக் குடுக்கற பச்சை கலர் பிரேக்அவுட் போர்டு ஒண்ணு, அதுல 25 பின் சாக்கெட் (பழைய பிரிண்டருக்கு வர்ற பேரலல் போர்ட் மாதிரி). கம்ப்யூட்டர் மட்டும் இல்லை. எனக்கு முன்னாடியே யாரோ அதைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க.

கம்ப்யூட்டருக்குன்னு 10,000 ரூபா ஒதுக்கி வெச்சிருக்கேன். பையன் காலேஜுக்கு வாங்கின ஐ5 லேப்டாப் வீட்ல இருக்கு, விண்டோஸ் 11. அதுல 25 பின் கிடையாதேன்னு யூஎஸ்பி டு பேரலல் கேபிள் ஒண்ணை 650 குடுத்து வாங்கினேன். மிஷினை ஓட்டற சாஃப்ட்வேர் மாக்3 திறக்குது, ஃபைல் ஏறுது, மிஷின் மட்டும் பிள்ளையார் மாதிரி உக்காந்திருக்கு. கேபிள் வித்தவர்கிட்ட கேட்டா "டிரைவர் போடுங்க"ங்கறார். எந்த டிரைவர்னு கேட்டா போனை வெச்சிடறார்.

புது மினி பிசி வாங்கறதா, பழைய சிபியு வாங்கறதா, ராஸ்பெர்ரி பைங்கற குட்டி கம்ப்யூட்டரா? ப்ராசசர் எது, ரேம் எவ்வளவு வேணும்? சொல்லுங்க.

ஐந்து ரோடு சர்வீஸ் (செவ்வாய், இரவு 10.05)

அந்த 650 போச்சுங்க. அது பிரிண்டருக்கான கேபிள். மாக்3 பேரலல் போர்ட்டோட பின்னை நேரடியா தட்டும், 378ங்கிற அட்ரஸ்ல. அந்தக் கேபிளுக்கு அப்படி ஒரு அட்ரஸே கிடையாது. யூஎஸ்பி வழியா டேட்டாவை மூட்டை மூட்டையா கட்டி பிரிண்டருக்கு அனுப்பத்தான் அதுக்குத் தெரியும். எந்த டிரைவர் போட்டாலும் மிஷின் ஓடாது.

அது மட்டுமில்லை, மாக்3-யோட பேரலல் போர்ட் டிரைவர் 64 பிட் விண்டோஸ்ல ஏறாது. விண்டோஸ் 11-ல 32 பிட்டே வரலை. அதனால அந்த லேப்டாப்பை பையன்கிட்டயே குடுத்துடுங்க.

செவ்வாய்ப்பேட்டை டை (செவ்வாய், இரவு 10.48)

நான் வெள்ளிக் கொலுசுக்கு டை (அச்சு) வெட்டறவன். எட்டு வருஷமா ஒரே சிபியு. கோர் 2 டியோ, 2 ஜிபி ரேம், விண்டோஸ் 7 32 பிட். மாக்3 கேக்கறதே 1 கிகாஹெர்ட்ஸும் 512 எம்பி ரேமும்தான். நம்ம ஆளுங்க ஐ7 கேக்கறாங்க.

இதுக்கு முன்னாடி ஒரு நல்ல சிபியுதான் வெச்சிருந்தேன். நெட் கனெக்ஷன் உண்டு, பாட்டும் அதுலதான். ஒரு நாள் ராத்திரி 11 மணிக்கு டை பாதி வெட்டியாச்சு, ஆன்டிவைரஸ் தானா ஸ்கேன் ஆரம்பிச்சிருக்கு. நான் டீ குடிக்கப் போயிருந்தேன். வந்து பாத்தா மிஷின் பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கு, எந்த எர்ரரும் இல்லை. காலையில லென்ஸ் வெச்சுப் பாத்தப்பதான் தெரிஞ்சது, ஒய் பக்கம் கொஞ்சம் தள்ளியிருக்கு. கொலுசு டைல 0.1 மிமீ தள்ளினா வரிசையா முத்து நிக்க வேண்டிய இடம் பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கும். ஸ்டீல் பிளாக் குப்பைக்குப் போச்சு. அன்னைக்கு நெட் ஒயரைப் பிடுங்கினவன்தான், இன்னிக்கு வரைக்கும் திரும்ப சொருகலை.

அஸ்தம்பட்டி பெங்குயின் (புதன், காலை 6.30)

தச்சன் அண்ணா, ப்ராசசர், ரேம் எல்லாத்தையும் ஒரு பக்கம் வைங்க. முதல் கேள்வி இதுதான்: மோட்டாருக்குப் போற பல்ஸை (மோட்டாரை ஒவ்வொரு ஸ்டெப்பா நகர்த்தற துடிப்பு) யார் உருவாக்கறாங்க? கம்ப்யூட்டரா, வெளியில இருக்கிற போர்டா?

கணக்கு போட்டுப் பாருங்க. உங்க மோட்டார் ஒரு சுத்துக்கு 200 ஸ்டெப். டிரைவர்ல இருக்கிற டிப் ஸ்விட்ச் 8 மைக்ரோஸ்டெப்ல (ஒரு ஸ்டெப்பை எட்டாப் பிரிக்கிறது) இருந்தா சுத்துக்கு 1,600 பல்ஸ். 1605 ஸ்க்ரூன்னா 16 மிமீ விட்டம், 5 மிமீ பிட்ச். ஆக ஒரு மிமீ நகர 320 பல்ஸ். நிமிஷத்துக்கு 3,000 மிமீ ஓட்டணும்னா செகண்டுக்கு 50 மிமீ, அதாவது 16,000 பல்ஸ். மாக்3 பேரலல் போர்ட்ல சாதாரணமா 25,000 ஹெர்ட்ஸ்ல ஓடும், அதனால தாராளமா இடம் இருக்கு. ஆனா பழைய ஓனர் "ஸ்மூத்தா இருக்கும்"னு டிப் ஸ்விட்சை 32-ல வெச்சிருந்தா மிமீக்கு 1,280 பல்ஸ் ஆயிடும். அதே 25,000-ல நிமிஷத்துக்கு 1,170 மிமீ தாண்டாது. மிஷின் மந்தமா இருக்குன்னு கம்ப்யூட்டரை மாத்தினவங்களை நான் பாத்திருக்கேன். மாத்த வேண்டியது அந்தக் குட்டி ஸ்விட்ச்.

செகண்டுக்கு 16,000 பல்ஸ்னா ஒரு பல்ஸுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல 62 மைக்ரோசெகண்ட். கம்ப்யூட்டர் "இருங்க, வைஃபையைப் பாத்துட்டு வரேன்"னு 300 மைக்ரோசெகண்ட் போயிட்டு வந்தா நாலு பல்ஸ் நேரம் தவறிடும். ஸ்டெப்பருக்கு அது தெரியாது, திருப்பிக் கேக்கவும் கேக்காது. நம்ம ஊர்ல தறி ஓட்டறவங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். தறி எவ்வளவு வேகமா இருந்தா என்ன, நாடா நேரத்துக்கு வரணும்.

அதனால பேரலல் போர்ட்டுன்னா புது மாடல் தேவையில்லை. பின்னாடி 25 பின் இருக்கிற, ஆபீஸ்ல கழிச்ச டெஸ்க்டாப் போதும். மாக்3-க்குப் பதிலா லினக்ஸ்ல ஓடற லினக்ஸ்சிஎன்சிதான் நான் சொல்வேன். காசு கிடையாது. அமெரிக்காவோட தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட்ல 1990-கள்ல ஈஎம்சிங்கிற பேர்ல பிறந்தது. அதுல லேட்டன்சி டெஸ்ட்னு ஒண்ணு இருக்கு, கம்ப்யூட்டர் நேரத்துக்கு வராம எவ்வளவு தாமதிக்குதுன்னு அளக்கும். பென்டிரைவ்ல போட்டு எடுத்துட்டுப் போங்க, கடையிலயே சிபியுவை பூட் பண்ணி ஓட்டிப் பாத்துட்டு வாங்குங்க. பேஸ் த்ரெட்டோட (பல்ஸ் போடற பகுதி) மேக்ஸ் ஜிட்டர் (அதிகபட்ச நேரத் தடுமாற்றம்) 20,000 நானோசெகண்டுக்குள்ள வந்தா அருமை. 30,000 முதல் 50,000 வரை வந்தா ஓட்டலாம், வேகம் கொஞ்சம் குறையும். 1,00,000 தாண்டினா பேரலல் போர்ட்டுக்கு அந்த சிபியு வேண்டாம். மாடலை வெச்சு இதைச் சொல்ல முடியாது. ஒரு காலத்துல இன்டெல்லோட டி525எம்டபிள்யூங்கிற சாதா ஆட்டம் போர்டைத் தேடித் தேடி வாங்கினாங்க, இந்த எண் அதுல அவ்வளவு கம்மியா வந்ததால.

செவ்வாய்ப்பேட்டை டை (புதன், காலை 8.10)

வந்துட்டாருய்யா லினக்ஸ். அண்ணன் தச்சு வேலை பாக்கறதா, கறுப்பு ஸ்க்ரீன்ல கமாண்ட் அடிக்கறதா? மாக்3-ல ஒரு மணி நேரத்துல வேலை ஆரம்பிச்சிடலாம்.

அஸ்தம்பட்டி பெங்குயின் (புதன், காலை 8.22)

மாக்3 லைசென்ஸ் 175 டாலர். அண்ணனோட பட்ஜெட்டே 10,000 ரூபா. மீதியை நீங்களே சொல்லுங்க.

செவ்வாய்ப்பேட்டை டை (புதன், காலை 8.31)

நான் காசு குடுத்துத்தான் வாங்கினேன், ரசீது இருக்கு. ஆனா நீங்க கேக்கறது நியாயம்தான்.

ஆத்தூர் அக்கா (புதன், மதியம் 2.15)

நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டு முடிங்க. தம்பி தச்சன், கம்ப்யூட்டரே இல்லாம ஓட்டலாம்னு யாரும் சொல்லலையே? நான் எம்டிஎஃப் ஜாலி வெட்டறேன், ரெண்டு மிஷின். ரெண்டுலயும் டிஎஸ்பிங்கற தனி கண்ட்ரோலர்தான், ரிச்ஆட்டோ ஏ11. டிவி ரிமோட்டை விட கொஞ்சம் பெருசா கையில பிடிக்கற மாதிரி இருக்கும். வீட்ல டிசைன் பண்ணி ஜி-கோடை (மிஷின் எங்கே எப்படி நகரணும்ங்கற கட்டளை) பென்டிரைவ்ல ஏத்தி சொருகி விட்டா ஓடும். பல்ஸ் அதுக்குள்ளயே. கரண்ட் போனா எந்த இடத்துல நின்னுச்சோ அங்கிருந்து திரும்ப ஆரம்பிக்கும். எங்ககிட்ட வேலை பாக்கற பொண்ணுங்க ரெண்டு பேரும் கம்ப்யூட்டர் படிச்சவங்க இல்லை, ஒரே நாள்ல கத்துக்கிட்டாங்க.

உங்க 10,000-ல அது வராது, அதையும் சொல்லிடறேன். ஆனா எம்டிஎஃப் தூள் சிபியு ஃபேன்ல அடைச்சு வருஷத்துக்கு ரெண்டு எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) மாத்தின காலமும் எனக்கு உண்டு. அந்தக் காசையும் கணக்குல சேத்துக்கோங்க.

ஏற்காடு சில்வர் ஓக் (புதன், இரவு 8.50)

நான் மேல ஏற்காட்டுல ஹோம்ஸ்டே, எஸ்டேட் கேட்டுக்கெல்லாம் பேர்ப்பலகை செய்யறேன். காப்பித் தோட்டத்துல கழிக்கிற சில்வர் ஓக் பலகைதான் பெரும்பாலும். என் மிஷின் குட்டி. அர்டுயினோ ஊனோங்கற சின்ன போர்டுல ஜிஆர்பிஎல் சாஃப்ட்வேர், அதுக்கு ஜி-கோடு அனுப்ப பழைய ராஸ்பெர்ரி பை 3. பல்ஸ் போடறது அர்டுயினோ, அதனால பை என்ன வேகம்னு கவலையே இல்லை. செகண்டுக்கு 30,000 பல்ஸ் வரைக்கும் அந்தச் சின்ன சிப்பே குடுக்கும். போர்டு, ஷீல்டு எல்லாம் சேந்து எனக்கு 1,500-க்குள்ள முடிஞ்சது.

எழுத்து, பார்டர், பூ வரைக்கும் பிரச்சினையே இல்லை. 3டி ரிலீஃப், அதாவது புடைப்புச் செதுக்கல்னா கொஞ்சம் யோசிக்கணும். ஒருத்தர் கஜலட்சுமி கேட்டார், லட்சக்கணக்குல வரி இருக்கற ஃபைல். ஒவ்வொரு வரியும் 0.1 மிமீ நகர்வு. ஜிஆர்பிஎல் 115200 பாட்ல பேசுது, அதாவது செகண்டுக்கு 11,520 எழுத்து. வரிக்கு 25 எழுத்துன்னா செகண்டுக்கு 460 வரி. காகிதத்துல நிமிஷத்துக்கு 2,700 மிமீ வரணும். நிஜத்துல அந்த 8 பிட் சிப்பு மூச்சு வாங்கி, யானை தும்பிக்கை வளைவுல திக்கித் திக்கிப் போச்சு. ஸ்டெப் மிஸ் ஆகலை, ஆனா பிட் நின்னு நின்னு போன இடத்துல மரம் கருகியிருந்தது. 3டி ரிலீஃப் நிறைய வரும்னா ஊனோ வேண்டாம், ஈஎஸ்பி32 சிப்புல ஓடற ஃப்ளூயிட்என்சி பாருங்க.

அப்புறம் யூஎஸ்பி. முதல் மாசம் ஸ்பிண்டில் ஆன் பண்ணினா கனெக்ஷன் போயிடும், ஜாப் பாதியில நிக்கும். பையைக் குறை சொன்னேன், கேபிளைக் குறை சொன்னேன், ஏற்காட்டு மூட்டத்தைக் கூட குறை சொன்னேன். கடைசியில ஸ்பிண்டில் வேகத்தைக் கட்டுப்படுத்தற விஎஃப்டியோட எர்த் ஒயர் சும்மா தொங்கிக்கிட்டிருந்தது. எர்த் கட்டி, ஸ்பிண்டிலுக்கு ஷீல்டு ஒயர் போட்டு, யூஎஸ்பி கேபிளை ஒரு மீட்டருக்குக் குறைச்சு ஃபெரைட் வளையம் மாட்டினேன். அதுக்கப்புறம் ஒரு தடவை கூட போகலை.

கன்னங்குறிச்சி தச்சன் (புதன், இரவு 10.20)

ஆளாளுக்கு ஒண்ணு சொல்றீங்க, ஆனா ஒண்ணு புரிஞ்சது. என்கிட்ட ஏற்கனவே 25 பின் போர்டு இருக்கறதால பேரலல் போர்ட் சிபியுதான் குறைஞ்ச செலவு. சரிங்களா? கதவுல கஜலட்சுமி எனக்கும் நிறைய வரும். டிசைன் பண்றதுக்கு பையனோட லேப்டாப்பே போதுமா?

ஐந்து ரோடு சர்வீஸ் (புதன், இரவு 10.45)

டிசைனுக்கு அது தாராளம். டிசைன் கம்ப்யூட்டரும் மிஷின் கம்ப்யூட்டரும் ஒண்ணா இருக்கவே கூடாது. மரத்தூளுக்குள்ள லேப்டாப் ஆறு மாசம் தாங்காது.

பழைய சிபியு வாங்கும்போது 25 பின் மதர்போர்டுலயே இருக்கான்னு பாருங்க. டெல் ஆப்டிபிளெக்ஸ் 780-ல பின்பக்கம் இருக்கும். அதுக்கப்புறம் வந்த நிறைய மாடல்ல கிடையாது, பிசிஐ கார்டு போடணும். கார்டு போட்டா அட்ரஸ் 378 வராது, வேற ஏதாவது வரும். டிவைஸ் மேனேஜர்ல பாத்து அந்த எண்ணை மாக்3-ல அடிக்கணும். இது தெரியாம கார்டு ரிப்பேர்னு மூணு தடவை என்கிட்ட மாத்த வந்தவர் உண்டு.

கடையில எடுக்கும்போது சிமோஸ் பேட்டரியைப் புதுசா போடச் சொல்லுங்க, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலா சின்ன எஸ்எஸ்டி. ஸ்பிண்டில் ஓடற பட்டறையில அதிர்வு இருக்கும்.

ஓமலூர் லேத் (வியாழன், காலை 5.55)

எந்தக் கம்ப்யூட்டர் வேணாலும் வாங்கு தம்பி. எமர்ஜென்சி ஸ்விட்ச் மட்டும் கம்ப்யூட்டர் வழியா போகக் கூடாது. அமுக்கினா டிரைவருக்கும் ஸ்பிண்டிலுக்கும் கரண்ட் அங்கேயே அறுந்திடணும், ஒரு கான்டாக்டர் (பெரிய ரிலே) போட்டு. கம்ப்யூட்டர் தூங்கிட்டா உன் கையை யாரு காப்பாத்துவா?

இன்னொண்ணு. சிபியு ஆன் ஆகும்போது பேரலல் போர்ட் பின் எல்லாம் கண்டபடி துடிக்கும். ரிலே டக்குனு விழுந்து ஸ்பிண்டில் சுத்தும். நான் ஒரு தடவை பிட்டைப் பிடிக்கற கொலெட்டை முடுக்கிக்கிட்டிருந்தப்ப பையன் உள்ளே போய் கம்ப்யூட்டரை ஆன் பண்ணிட்டான். ஸ்பேனர் பறந்து போய் தகரத்துல விழுந்தது. முதல்ல கம்ப்யூட்டர், அது முழுசா வந்த பிறகு மிஷின். நிறுத்தும்போது தலைகீழ்.

கன்னங்குறிச்சி தச்சன் (ஞாயிறு, இரவு 9.15)

வாங்கிட்டேனுங்க. ஆப்டிபிளெக்ஸ் 780, கோர் 2 டியோ, 4 ஜிபி, 120 ஜிபி எஸ்எஸ்டி. 5,200 ரூபா. பெங்குயின் தம்பி சொன்ன மாதிரி பென்டிரைவோட போனேன். கடைக்காரர் ஒரு மாதிரி பாத்தார், ஆனா விட்டார்.

முதல் சிபியுல டெஸ்டைப் போட்ட உடனே ஜிட்டர் 3 லட்சம் தாண்டிடுச்சு. அது பாக்க புதுசா, அழகா இருந்தது. ரெண்டாவது இது. 18,000-ல அப்படியே நின்னது. கிளம்பலாம்னு நினைச்சு பணத்தை எடுக்கறேன், திடீர்னு 1,80,000. கொஞ்ச நேரம் கழிச்சு திரும்பவும். என்ன பண்றதுன்னு தெரியாம, விலை கம்மின்னு வாங்கிட்டு வந்துட்டேன். தப்பு பண்ணிட்டேனா?

அஸ்தம்பட்டி பெங்குயின் (ஞாயிறு, இரவு 9.32)

இல்லைண்ணா. எப்பவாவது குதிக்குதுன்னா பெரும்பாலும் பவர் சேவிங் வேலை. பயாஸ்ல போய் சி-ஸ்டேட், ஸ்பீட்ஸ்டெப் ரெண்டையும் ஆஃப் பண்ணுங்க. யூஎஸ்பி லெகஸின்னு இருந்தா அதையும். வைஃபை டாங்கிள் சொருகியிருந்தா எடுங்க. அப்புறம் பூட் லைன்ல ஐசோல்சிபியூஸ் போட்டு ரெண்டு கோர்ல ஒண்ணை மிஷினுக்கு மட்டும்னு ஒதுக்கணும். அந்த வரியை அடிக்கறது கொஞ்சம் நுணுக்கம், போன் பண்ணுங்க, நான் சொல்லச் சொல்ல அடிச்சிடலாம். டெஸ்டை சும்மா வெச்சுப் பாக்காதீங்க. விண்டோவை இழுங்க, வீடியோ ஓட்டுங்க, பெரிய ஃபைல் காப்பி பண்ணுங்க. அரை மணி நேரமாவது ஓடட்டும்.

செவ்வாய்ப்பேட்டை டை (ஞாயிறு, இரவு 9.40)

கறுப்பு ஸ்க்ரீன் வந்துடுச்சு பாத்தீங்களா.

கன்னங்குறிச்சி தச்சன் (புதன், இரவு 8.30)

ஒரு மணி நேரம் ஓட்டிப் பாத்தேன், 24,000 தாண்டலை. லினக்ஸ்சிஎன்சியோட ஸ்டெப்கான்ஃப்ல மோட்டார், ஸ்க்ரூ விவரம் குடுத்தேன், அதுவே கணக்குப் போட்டுக்குச்சு. டிப் ஸ்விட்ச் நிஜமாவே 32-லதான் இருந்தது, 8-க்கு மாத்தினேன். நிமிஷத்துக்கு 3,000 மிமீ சத்தமில்லாம ஓடுது. எமர்ஜென்சி ஸ்விட்சுக்கு எலக்ட்ரீஷியனை வெச்சு கான்டாக்டர் போட்டாச்சு, லேத் ஐயாவுக்கு நன்றி.

ஆனா ஒரு தொல்லை. இன்னிக்கு வேப்பம்பலகையில ஒரு தாமரை போட்டுப் பாத்தேன். எட்டு இதழும் வந்தது, கடைசி இதழ் முதல் இதழோட சேரலை. எக்ஸ் பக்கம் 2 மிமீ விட்டுப் போச்சு. ஸ்டெப் மிஸ் ஆகுதுன்னா கம்ப்யூட்டரை மாத்தணுமா?

ஆத்தூர் அக்கா (புதன், இரவு 8.44)

24,000-ல நிக்கற கம்ப்யூட்டரை ஏன் தம்பி திட்டறீங்க? எக்ஸ் மட்டும்தானே? மோட்டாருக்கும் ஸ்க்ரூவுக்கும் நடுவுல இருக்கற கப்ளிங்கைக் கையால சுத்திப் பாருங்க. பழைய மிஷினை வண்டியில ஏத்தி இறக்கினா முதல்ல லூஸ் ஆகறது அதோட கிரப் ஸ்க்ரூதான்.

அஸ்தம்பட்டி பெங்குயின் (புதன், இரவு 8.50)

அக்கா சொல்றதை முதல்ல பாருங்க. அதுவும் சரியா இருந்தா ஆக்ஸிலரேஷனைப் பாதியாக் குறைச்சுப் பாக்கலாம். கம்ப்யூட்டர்ல பல்ஸ் தவறினா எக்ஸ்ல மட்டும் வராது, எல்லா ஆக்ஸிஸ்லயும் எப்பவாவது வரும்.

பின்னாடி வேகம் பத்தலைன்னு தோணினா மெசா கம்பெனியோட 7ஐ96எஸ் மாதிரி ஈதர்நெட் போர்டு ஒண்ணு போடலாம். பல்ஸ் அதுலயே உருவாகும், லேட்டன்சி 1,00,000 இருந்தாக்கூட ஓடும். டாலர் விலை, மேல கஸ்டம்ஸ் வேற. உங்களுக்கு இப்போ தேவையில்லை.

கன்னங்குறிச்சி தச்சன் (வியாழன், காலை 7.05)

அக்கா, கிரப் ஸ்க்ரூதான். விரல்லயே திரும்புச்சு. ரெண்டையும் கழட்டி, லாக்டைட் பசை தடவி முடுக்கினேன். தாமரை சேந்துடுச்சு, பேப்பர் கூட நுழையலை. அடுத்தது ஒரு நிலைக்கு மேல வைக்கிற கஜலட்சுமி, அட்வான்ஸ் வாங்கியாச்சு.

சிபியுவை மரப்பெட்டிக்குள்ள வெச்சு, முன்னாடி ஏசி ஃபில்டர் துணி மாட்டியிருக்கேன். அரை மணி நேரம் தாங்கற மாதிரி ஒரு யூபிஎஸ் பாக்கணும், மீதிக் காசு அதுக்கு.

ஆமா, அந்த 650 ரூபா கேபிளை கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேன்னுட்டார். என்ன பண்றது?

ஐந்து ரோடு சர்வீஸ் (வியாழன், காலை 9.20)

எறிஞ்சிடாதீங்க. லீ பஜார்ல ஒரு லாரி ஆபீஸ்ல பில் அடிக்கற டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் இருக்கு. புது கம்ப்யூட்டர் வாங்கிட்டு, சொருக இடமில்லைன்னு ரெண்டு நாளா என்னைக் கேட்டுக்கிட்டிருக்காங்க. 400-க்கு எடுத்துக்கறேன், வரும்போது கொண்டு வாங்க.